குகைக் கல்முளையிலிருந்து பழைய மழையைப் படிப்பது எப்படி, எதுவரை நம்பலாம்?

சுண்ணாம்புக் குகையின் தரையில் வளர்ந்து நிற்கும் கல்லை நெடுக்காக வெட்டிப் பார்த்து, "இன்னின்ன நூற்றாண்டில் மழை பொய்த்தது" என்று சொல்கிறார்கள். அது எப்படி முடிகிறது, பத்தாண்டுத் துல்லியத்தில் சொல்வதை நம்பலாமா என்பதுதான் கேள்வி. என் பதில் இது: கல்லின் வயதைப் பெரும்பாலும் நம்பலாம். அந்தக் கல்லில் அளந்த எண்ணுக்கு "மழை" என்று பொருள் கொள்வதை மட்டும் ஒவ்வொரு குகைக்கும் தனித்தனியே நிரூபித்தாக வேண்டும். தவறு நேரும் இடங்களும் அனேகமாக அங்கேதான் இருக்கின்றன.

முதலில் கல் வளரும் விதம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிட்ட கார்பன் டை ஆக்ஸைடைக் கரைத்துக்கொள்கிறது. மண்ணிடுக்குக் காற்றில் இந்த வாயு வெளிக்காற்றில் உள்ளதைப் போலப் பல மடங்கு இருக்கும். இப்படி லேசாக அமிலமான நீர் பாறையைக் கரைத்துக்கொண்டே குகைக்கூரை வரை வருகிறது. குகைக் காற்றில் வாயு குறைவு. ஆகவே சொட்டிலிருந்து வாயு வெளியேறுகிறது, கரைந்து நிற்க முடியாத கால்சியம் கார்பனேட் படிகிறது. கூரையில் தொங்குவது கல்விழுது, தரையிலிருந்து எழும்புவது கல்முளை. ஆங்கிலப் பெயரில் சொன்னால் ஸ்டாலக்மைட். நீர் ஆவியாவதால்தான் கல் படிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல குகையில் அப்படி இல்லை. ஆவியாதல் நடக்கும் இடத்துக் கல் இந்த வேலைக்கே ஆகாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கல்விழுதை விட்டுக் கல்முளையைத் தேடுவதற்குக் காரணம் அடுக்கு ஒழுங்கு. கல்விழுதின் நடுவே குழாய் இருக்கும், படிவு பக்கவாட்டில் சுற்றிச் சுற்றி ஏறும், எந்த அடுக்கு எதற்கு முந்தியது என்று பிரிப்பதே சிரமம். கல்முளையில் ஒவ்வோர் அடுக்கும் தொப்பி போட்டது போல முந்தையதன் மேல் உட்காரும். அடியில் பழையது, உச்சியில் புதியது. வளர்ச்சி வேகம் பெரும்பாலும் ஆண்டுக்கு 0.01 மி.மீ. முதல் 0.3 மி.மீ. வரை. 20 செ.மீ. உயரக் கல் ஆண்டுக்கு 0.05 மி.மீ. வளர்ந்திருந்தால் அதில் 4,000 ஆண்டு இருக்கிறது. உடைத்துவிட்டால் அதே கல் மறுபடி வளர 4,000 ஆண்டு ஆகும் என்பதும் இதே கணக்குதான். அதனால் அனுமதி பெற்ற பிறகும், ஏற்கெனவே உடைந்து கிடப்பவற்றை முதலில் பார்ப்பதே முறை. நிற்பதைத் தொட வேண்டியிருந்தால், அடிப்பகுதியில் விரல் தடிமனுக்கும் குறைவான துளையிட்டு, அந்தத் துண்டின் வயதைத் தெரிந்துகொண்டு, வேண்டிய காலத்தைச் சேர்ந்தது என்றால் மட்டும் எடுக்க வேண்டும். "எடுத்துப் பார்ப்போம், பயன்படாவிட்டால் போகிறது" என்ற போக்கு பல குகைகளை வெறுமையாக்கியிருக்கிறது.

எந்தக் கல்லைத் தேர்வது? அடி முதல் நுனி வரை ஏறத்தாழ ஒரே விட்டத்தில் மெழுகுவத்தி போல நிற்பது நல்லது. நீண்ட காலம் சொட்டு நிலையாக விழுந்ததற்கு அது அடையாளம். கூம்பாகக் குறுகுவதும், முடிச்சு முடிச்சாக வீங்குவதும் சொட்டு மாறியதைக் காட்டும். வாயிலிலிருந்து தள்ளி, காற்றோட்டம் குறைந்து, ஈரப்பதம் 95 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் அறையாக இருக்க வேண்டும். வாயிலருகே தூசி சேரும். தூசியில் தோரியம் உண்டு, அது வயதுக் கணக்கைக் கெடுக்கும். வௌவால் எச்சம் குவிந்த இடத்தையும் தவிர்க்கலாம், அதிலிருந்து வரும் அமிலம் கல்லின் மேல்பரப்பை அரிக்கும். எடுப்பதற்கு முன் கல் நின்ற இடம், மேல் கீழ் திசை, மேலே சொட்டும் புள்ளி, கூரையின் உயரம், சொட்டு இன்னும் விழுகிறதா என்பதையெல்லாம் குறித்துப் படமும் எடுக்க வேண்டும். சொட்டு விழுந்துகொண்டிருந்தால் கல்லின் உச்சி எடுத்த ஆண்டைச் சேர்ந்தது என்று கொள்ள முடியும். விலைமதிக்க முடியாத ஒரு வயதுப் புள்ளி செலவில்லாமல் கிடைக்கிறது.

கல்லை வெட்டுவதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். குகையைக் குறைந்தது ஓராண்டு, முடிந்தால் மூன்று நான்கு ஆண்டு கண்காணிப்பதுதான் அது. வெளியே பெய்யும் மழையையும் உள்ளே விழும் சொட்டையும் மாதந்தோறும் சேகரித்து ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அளக்க வேண்டும். சொட்டு எண்ணும் கருவி, வெப்பநிலைப் பதிவி, கார்பன் டை ஆக்ஸைடு பதிவி மூன்றையும் வைக்க வேண்டும். சொட்டுக்கு அடியில் கண்ணாடித் தகடு வைத்து, அதில் படியும் புதுக் கால்சைட்டை, அதாவது கால்சியம் கார்பனேட் படிகத்தை, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, மழை பெய்து எத்தனை நாளில் அல்லது எத்தனை ஆண்டில் அந்த நீர் சொட்டாக வருகிறது. கூரைக்கு மேலே பாறையிடுக்குகளில் பல ஆண்டு நீர் கலந்து நின்றால், கல்லில் ஆண்டுக்காண்டு மாற்றத்தைத் தேடுவது வீண். எவ்வளவு நுணுக்கமாகத் துளையிட்டாலும் கலந்த நீர் பிரியாது. இரண்டாவது, எந்தப் பருவத்தில் கல் அதிகம் வளர்கிறது. மிதவெப்ப நாடுகளின் பல குகைகளில் குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று உள்ளே இறங்கிக் குகையின் கார்பன் டை ஆக்ஸைடைக் குறைக்கும், படிவு விரையும். அப்படிப்பட்ட கல்லின் "ஆண்டுச் சராசரி" உண்மையில் குளிர்காலத்துப் பக்கம் சாய்ந்தது. இதை அறியாமல் கோடை மழை பற்றி எழுதினால் முடிவே தலைகீழாகிவிடும்.

ஆய்வகத்தில் கல்லை வைர வாளால், எண்ணெய் இல்லாமல் நீர் மட்டும் ஊற்றி, வளர்ச்சி அச்சின் வழியே இரண்டாகப் பிளக்கிறார்கள். ஒரு பாதி வேலைக்கு, மறுபாதி காப்பகத்துக்கு. மெருகேற்றி, நுண்ணிய பிரிதிறனில் ஸ்கேன் செய்து, அதன் மேலேயே எல்லாப் புள்ளிகளையும் குறித்துவைக்கிறார்கள். அச்சு சில கற்களில் பாதியில் வளைந்துவிடும்; நேர்கோட்டில் துளைத்துக்கொண்டே போனால் அச்சிலிருந்து விலகி விளிம்புக்கு வந்துவிடுவோம். படம் பார்த்து அடுக்கைத் தொடர்வது அலுப்பூட்டும் வேலை, ஆனால் அதற்கு மாற்று இல்லை.

இப்போது வயது. கல்முளைக்கு இவ்வளவு மதிப்பு வந்ததே யுரேனியம்-தோரியம் கடிகாரத்தால்தான். யுரேனியம் நிலத்தடி நீரில் கரையும், தோரியம் கரையாது. ஆகவே புதிதாகப் படியும் அடுக்கில் யுரேனியம் இருக்கும், தோரியம் ஏறத்தாழ இருக்காது. அன்றிலிருந்து யுரேனியம்-234 சிதைந்து தோரியம்-230 சேர்ந்துகொண்டே வருகிறது. யுரேனியம்-234இன் அரை ஆயுட்காலம் சுமார் 2,45,600 ஆண்டு, தோரியம்-230க்குச் சுமார் 75,600 ஆண்டு. இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது வரும். சுமார் 6 லட்சம் ஆண்டு வரை இந்தக் கடிகாரம் ஓடும். அதைத் தாண்டினால் விகிதம் சமநிலைக்கு (சேரும் அளவும் சிதையும் அளவும் ஒன்றாகும் நிலைக்கு) மிக அருகில் போய்விடும், பிறகு யுரேனியம்-ஈயம் முறைதான்.

ஒரு வயதுக்கு 50 முதல் 200 மி.கி. தூள் போதும். அடுக்கை ஒட்டி, முடிந்தவரை மெல்லிய கோடாக எடுக்க வேண்டும். ஆண்டுக்கு 0.05 மி.மீ. வளர்ந்த கல்லில் 1 மி.மீ. அகலப் பள்ளம் தோண்டினால் 20 ஆண்டைக் கலந்துவிட்டோம் என்று பொருள். தூளை அமிலத்தில் கரைத்து, அளவு தெரிந்த செயற்கை ஐசோடோப்புக் கரைசல் சேர்த்து, யுரேனியத்தையும் தோரியத்தையும் அயனிப் பரிமாற்றப் பிசினில் பிரித்து, பல ஏற்பிகள் கொண்ட பிளாஸ்மா நிறை நிறமாலைமானியில் அளக்கிறார்கள். சுத்தமான, யுரேனியம் நிறைந்த கல் என்றால் 10,000 ஆண்டு வயதில் பிழை ±50 ஆண்டுக்குள் நிற்கும்.

சுத்தமில்லாத கல்லில்தான் தொல்லை. தூசியோடு வந்த தோரியத்தில் தோரியம்-230உம் கொஞ்சம் இருக்கும். கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்காது. தூசி எவ்வளவு வந்தது என்பதை, அந்தத் தூசியோடு வரும் தோரியம்-232ஐ வைத்து ஊகிக்கிறார்கள். பூமியோட்டின் சராசரியாக, பத்து லட்சம் தோரியம்-232 அணுவுக்கு 4.4 தோரியம்-230 அணு என்று எடுத்து, அதற்கு ±2.2 பிழை போடுவது வழக்கம். இந்தத் திருத்தம் எவ்வளவு பெரிது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். கல்லில் யுரேனியம் 0.2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 0.2 பங்கு), தோரியம்-232 1 பி.பி.பி. (நூறு கோடியில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொள்ளுங்கள், யுரேனிய ஐசோடோப்புகள் சமநிலையில் இருந்தால் திருத்தம் சுமார் 140 ஆண்டு, அதன் பிழை மட்டும் ±70 ஆண்டு. அதே தூசி, யுரேனியம் 2 பி.பி.எம். என்றால் திருத்தம் 14 ஆண்டுதான், பிழை ±7. ஆக, 9,000 ஆண்டுப் பழைய கல்லில் பொருட்படுத்த வேண்டாத தூசி, 500 ஆண்டுக் கல்லைப் பயனற்றதாக்கிவிடும். சமீப நூற்றாண்டுகளின் வறட்சியைப் பற்றிய கட்டுரையைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது தோரியம்-232 என்ற நெடுவரிசையைத்தான். சராசரி மதிப்பில் நம்பிக்கை இல்லாவிட்டால், ஒரே அடுக்கிலிருந்து தூசி கூடியதும் குறைந்ததுமாகச் சில துண்டுகளை அளந்து, அந்தக் குகைக்கே உரிய தொடக்க விகிதத்தைக் கண்டுபிடிக்கலாம்.

வேறு இரண்டு வகையிலும் கடிகாரம் பிசகும். படிந்த பிறகு நீர் ஊடுருவி யுரேனியத்தை அரித்துக்கொண்டு போனால், தோரியம் பின்தங்கி நிற்கும், வயது கூடுதலாகத் தெரியும். நுண்துளை நிறைந்த வெள்ளைப் பகுதிகளிலும், அரகோனைட் (அதே கால்சியம் கார்பனேட்டின் வேறு படிக வடிவம்) கால்சைட்டாக மாறிய இடங்களிலும் இதை எதிர்பார்க்க வேண்டும். அரகோனைட் யுரேனியத்தைத் தாராளமாக ஏற்கும், மாறாமல் இருந்தால் வயதுக்கு அருமையான பொருள். மாறியதா என்பதை எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவால் பல புள்ளிகளில் பார்க்காமல் நம்பக் கூடாது. அடிப்புறத்தை விட மேற்புறம் பழையது என்று வரும் தலைகீழ் வயதுகள் இப்படித்தான் பிறக்கின்றன.

ரேடியோகார்பன் ஏன் பயன்படுத்துவதில்லை என்று கேட்கலாம். கல்லின் கார்பனில் ஒரு பகுதி பல கோடி ஆண்டுப் பழைய பாறையிலிருந்து வந்தது, அதில் கார்பன்-14 எதுவும் மிச்சமில்லை. இந்த "செத்த கார்பன்" குகைக்குக் குகை மாறும். ஆனால் 1960களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஏறிய கார்பன்-14 உச்சம் கல்லில் தெரிந்தால், மேல்பகுதி அப்போது வளர்ந்துகொண்டிருந்தது உறுதி. சீனாவின் நான்ஜிங் அருகே உள்ள ஹுலு குகையில் செத்த கார்பன் குறைவாகவும் நிலையாகவும் இருந்ததால், கதை திரும்பிவிட்டது: அதன் யுரேனிய வயதுகளை வைத்து ரேடியோகார்பன் கடிகாரத்தையே சுமார் 54,000 ஆண்டு வரை சரிசெய்திருக்கிறார்கள்.

காலநிலைச் சமிக்ஞைக்கு வருவோம். முதன்மையானது ஆக்ஸிஜன்-18க்கும் ஆக்ஸிஜன்-16க்கும் உள்ள விகிதம். 0.1 முதல் 0.5 மி.மீ. இடைவெளியில் துளையிட்டு, புள்ளிக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் தூள் எடுத்து, 70 டிகிரி செல்சியஸில் பாஸ்பாரிக் அமிலத்தோடு வினைபுரிய விட்டு, வரும் கார்பன் டை ஆக்ஸைடை அளக்கிறார்கள். முடிவு, ஒரு பொது ஒப்பீட்டுப் பொருளிலிருந்து ஆயிரத்தில் எத்தனை பங்கு வேறுபாடு என்று, பெர்மில் அலகில் வரும். அளவுப் பிழை சுமார் 0.1 பெர்மில்.

இந்த எண்ணை எது மாற்றுகிறது? வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கால்சைட்டின் மதிப்பு சுமார் 0.2 பெர்மில் இறங்கும். சீனாவின் சான்பாவோ போன்ற குகைகளில் புவியச்சின் தலையாட்டத்தோடு, சுமார் 23,000 ஆண்டுக்கு ஒருமுறை, மதிப்பு 4 பெர்மில் அளவுக்கு ஊசலாடுகிறது. அதை வெப்பநிலையால் மட்டும் விளக்கினால் 20 டிகிரி மாற்றம் வேண்டும், அது நடக்காத காரியம். ஆகவே மாறியது சொட்டு நீரின், அதாவது மழையின் ஐசோடோப்பு. வெப்பமண்டலத்தில் மழை வலுக்கும் மாதங்களில் நீர் ஆக்ஸிஜன்-18 குறைந்ததாக இருப்பது பரவலாகக் காணப்படும் ஒன்று. இதிலிருந்துதான் "மதிப்பு இறங்கினால் நல்ல மழை" என்ற வாய்பாடு பிறந்தது.

வாய்பாடு வசதியானது, ஆனால் முழு உண்மை அல்ல. கடலில் எழுந்த ஈரம் வழியில் எவ்வளவு பொழிந்துவிட்டு வந்தது, எந்தக் கடலிலிருந்து வந்தது, ஆண்டில் எந்தப் பருவத்து மழை அதிகம் என்பவையும் அதே எண்ணை மாற்றும். கிழக்கு ஆசியக் குகைகளின் சமிக்ஞையில் கணிசமான பங்கு, ஈரம் கடந்து வந்த இந்தியப் பெருங்கடல் பகுதியில் பெய்த மழையைக் காட்டுகிறது என்று கணினிக் காலநிலை மாதிரிகள் காட்டியிருக்கின்றன. குகைக்கு மேலே மழை மாறாமலேயே கல்லில் எண் மாறலாம். எனவே பருவக்காற்று எவ்வளவு வலுவாக வீசியது என்ற பெரிய படத்துக்கு இந்த எண் நம்பகமானது; "இந்த ஊரில் 20 விழுக்காடு மழை குறைந்தது" என்று சொல்ல அது மட்டும் போதாது.

உள்ளூர் ஈரத்தைத் தெரிந்துகொள்ளச் சுவட்டுத் தனிமங்கள் (மிகச் சிறு அளவில் கலந்திருப்பவை) நல்ல துணை. வறண்ட காலத்தில் பாறையிடுக்குகள் காலியாகி, உள்ளே காற்று புகுந்து, நீர் குகைக்கு வரும் வழியிலேயே கால்சைட்டைக் கொஞ்சம் இறக்கிவிடும். கால்சியம் குறையும், மெக்னீசியமும் ஸ்ட்ரோன்சியமும் நீரில் தங்கும். ஆகவே வறட்சியில் மெக்னீசியம்-கால்சியம், ஸ்ட்ரோன்சியம்-கால்சியம் விகிதங்கள் இரண்டும் சேர்ந்து ஏற வேண்டும். இரண்டின் மடக்கைகளை எதிரெதிரே வரைந்தால் சரிவு சுமார் 0.7 முதல் 1 வரை வந்தால் இந்த விளக்கம் பொருந்தும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் வேறு காரணம் தேட வேண்டும். கார்பன்-13 விகிதமும் வறட்சியில் ஏறும். ஆனால் தாவரம் புல்லாக மாறினாலும், மண்ணின் உயிர்ப்பு குறைந்தாலும் ஏறும் என்பதால், தனியாக அதை வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

ஆவியாதல் பற்றிச் சொல்கிறேன் என்றேன். காற்றோட்டமான இடத்தில் நீர் ஆவியாகும்போதும், வாயு மிக வேகமாக வெளியேறும்போதும் லேசான ஐசோடோப்பு முந்திக்கொண்டு போய்விடும். கல்லில் ஆக்ஸிஜன்-18, கார்பன்-13 இரண்டும் போலியாக ஏறும். இதைச் சோதிக்க 1971இல் ஹெண்டி என்ற ஆய்வாளர் முன்வைத்த முறை, ஒரே அடுக்கின் நடுவிலிருந்து விளிம்பு வரை துளையிட்டு மதிப்பு மாறுகிறதா என்று பார்ப்பது. நடைமுறையில் அடுக்கு விளிம்பில் மெலிந்துவிடும், ஒரே அடுக்கில்தான் இருக்கிறோமா என்பதே சந்தேகமாகும். சோதனையில் தேறிய கல்லும் இப்படிப் போலி ஏற்றமில்லாமல் படிந்தது என்று உறுதியில்லை. இதைவிட வலுவான சோதனை, அதே குகையிலிருந்து வேறு சொட்டில் வளர்ந்த இன்னொரு கல். ஒரே காலத்தில் இரண்டும் ஒரே வடிவக் கோட்டைத் தந்தால் சொட்டின் தனிக் குணம் விலகிவிட்டது. ஒத்துவராவிட்டால் இரண்டில் அழகானதைத் தேர்ந்து வெளியிடுவதை எக்காரணம் கொண்டும் ஏற்க முடியாது.

இனி அந்தப் பத்தாண்டுக் கேள்வி. வயது அளந்த புள்ளிகள் ஒரு கல்லில் 15, 20 இருக்கும். ஐசோடோப்புப் புள்ளிகள் பல நூறு. இடைப்பட்டவற்றின் வயது ஊகம்தான். இரண்டு வயதுப் புள்ளிகளுக்கு இடையே 500 ஆண்டு இடைவெளி இருந்தால், நடுவில் தெரியும் வறட்சியின் தேதி, அளந்த வயதுகளின் பிழையைவிட அதிகமாக நகரக்கூடும். வளர்ச்சி நின்று மீண்டும் தொடங்கிய இடைவெளி நடுவே ஒளிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அழுக்குக் கோடு, அரிக்கப்பட்ட அடுக்கு, படிக அமைப்பில் திடீர் மாற்றம் எங்கே தெரிந்தாலும் அதற்கு இருபுறமும் ஓரிரு மி.மீ. தூரத்தில் வயது எடுக்க வேண்டும். அந்த இடைவெளியை உடனே வறட்சி என்று எழுதுவதும் பிழை. நீர் வழி அடைபட்டிருக்கலாம், சொட்டு இடம் மாறியிருக்கலாம். அடுக்குகள் வெட்டுண்டு கிடந்தால், கல்லையே கரைக்கும் அளவுக்கு மிகுதியான நீர் வந்திருக்கவும் கூடும்.

ஆண்டு வளையம் தெரியும் கற்களில் மட்டும் பத்தாண்டுப் பேச்சுக்கு இடமுண்டு. மண்ணிலிருந்து வரும் கரிமப் பொருள் ஆண்டுதோறும் கோடிடும் கற்கள் புறஊதா ஒளியில் வரிவரியாக ஒளிரும். அவற்றை எண்ணினால், வறட்சி எத்தனை ஆண்டு நீடித்தது என்பதைத் துல்லியமாகச் சொல்லலாம். அது எந்த ஆண்டில் தொடங்கியது என்பதில் அப்போதும் யுரேனிய வயதின் பிழை அப்படியே இருக்கும். "12 ஆண்டு நீடித்தது" என்பதும் "இன்ன ஆண்டில் தொடங்கியது" என்பதும் வேறு வேறு துல்லியம் கொண்ட கூற்றுகள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மேகாலயாவின் மாவ்ம்லூ குகை. சிரபுஞ்சி அருகே உள்ள இதிலிருந்து எடுத்த ஒரு கல்முளையை வைத்து, கி.பி. 2000க்கு 4,250 ஆண்டு முன் தொடங்கும் புவியியல் காலப் பிரிவுக்கு 2018இல் மேகாலயன் என்று அதிகாரப்பூர்வமாகப் பெயரிட்டார்கள். அந்தக் கல்லில் ஆக்ஸிஜன் மதிப்பு திடீரென ஏறுவது தெளிவு. ஆனால் அதே குகையிலிருந்து பிறகு எடுத்த, வயதுப் புள்ளிகள் நெருக்கமான கற்களில் மாற்றம் அவ்வளவு ஒரே அடியாக வரவில்லை. பல பத்தாண்டு வறட்சிகள் விட்டுவிட்டு வருகின்றன. பருவமழை தளர்ந்தது என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன, தளர்ந்த வேகத்திலும் வடிவத்திலும் வேறுபடுகின்றன. அந்தக் காலத்து நாகரிகங்களின் வீழ்ச்சியை இந்தக் கோட்டோடு ஆண்டுக்கு ஆண்டு பொருத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஐசோடோப்பே அளக்காமல் விடை கிடைத்த இடமும் உண்டு. நிலம் உறைந்திருந்தால் நீர் சொட்டாது, கல்லும் வளராது. சைபீரியாவில் 60 பாகை வட அட்சத்தில் உள்ள ஒரு குகையின் கற்கள் சுமார் 4 லட்சம் ஆண்டுக்கு முந்தைய வெப்பக் காலத்தில் வளர்ந்து, பிறகு நின்றுவிட்டன. உறைநிலம் எப்போது உருகியது என்பதற்கு வயது ஒன்றே சாட்சி. கல் எதைச் சொல்கிறது என்பதில் தர்க்கச் சங்கிலி இவ்வளவு குட்டையாக இருக்கும் இடங்களில் எனக்கு நம்பிக்கை மிக அதிகம்.

ஆய்வை வெளியிடும்போது கணக்கிட்ட வயதோடு நிறுத்தாமல், அளந்த விகிதங்கள், யுரேனியம், தோரியம்-232 அளவுகள், பயன்படுத்திய அரை ஆயுட்கால மதிப்பு அனைத்தையும் பட்டியலில் தர வேண்டும். 2013இல் அந்த மதிப்புகள் திருத்தப்பட்டபோது, விகிதங்களை வெளியிட்டிருந்த பழைய கற்களின் வயதையெல்லாம் மறுபடி கணக்கிட முடிந்தது. வயதை மட்டும் வெளியிட்டவர்களின் கல்லுக்குக் காப்பகத்தில் மறுபாதி இருந்தால்தான் வழி.